பெட்டிமேல் உட்கார்ந்தவர்

அவரை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் உட்காருகிற விதம்தான். நாற்காலியில் அல்ல, அட்டைப்பெட்டியின் மேல். புனேயின் லோகேகாவ் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எடை போட்டு முடிந்ததும் பெட்டியைத் தரையில் இறக்குவார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் அவர் பேண்ட்டை முட்டிப் பக்கம் லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு, பந்தியில் இடம் பிடித்தவர் மாதிரி நிதானமாக அதன் மேல் உட்கார்ந்திருப்பார். உப்பியிருந்த மூடி அவர் பாரத்தில் உள்ளே போகும். பெட்டி ஒருமுறை முனகும். "இப்ப அளங்கம்மிணி" என்பார்.

விமானத்தில் சரக்குக்குக் கட்டணம் எடைக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும் உண்டு. பஞ்சு மூட்டைக்கு எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, பெருக்கி, அதற்கென்று வைத்திருக்கும் ஓர் எண்ணால் வகுப்பார்கள். வருகிற கணக்கு தராசு காட்டுகிற எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கணக்குக்குத்தான் பணம். எந்த ஊர் விமான நிலையத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். பெட்டி எங்கே உப்பியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும் என்பதும் விதி. அவர் உட்கார்ந்தது அந்த விதியின் மேல்.

ஒருமுறை அப்படி உட்கார்ந்தது யாரோ ஒரு பெண்ணின் கல்யாண லெஹங்கா இருந்த பெட்டி. உள்ளே கண்ணாடி வேலைப்பாடு நொறுங்குவது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் ஏலக்காய்தான். மெல்லுவார், எதிரே இருப்பவருக்கும் நீட்டுவார், பேசும்போது அந்த வாசனை நம் முகத்தில் வந்து விழும். இன்றைக்கும் ஏலக்காய் போட்ட டீ எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

நான் அங்கே சரக்கு ஏற்கிற கவுண்ட்டரில் வேலை பார்த்தேன். ஏஜெண்டுகள் கொண்டுவரும் பெட்டியைப் பார்த்து, அளந்து, அவர்கள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் ஆகுர்டியில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்ட். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் உதிரிபாக வியாபாரத்துக்காக வந்து, அதில் ஒட்டாமல் சரக்கு அனுப்பும் தொழிலுக்கு மாறியவர் என்று சொல்வார்கள். வெளுத்த சட்டை, ஒட்ட வெட்டிய நகங்கள், மடிப்புக் கலையாத கைக்குட்டை. அந்தக் கொட்டகையில் புழுதி படாமல் நடமாடிய ஒரே மனிதர்.

நான் புனேயிலேயே வானவடிக்காரி. அப்பாவின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராட்டி. அம்மா பிடிவாதம் பிடித்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததால்தான் இதை எழுத முடிகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என்னை "அம்மிணி" என்று கூப்பிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு "ங்க" போட்டுப் பேசியதைக் கேட்டு நான் கொஞ்சம் மயங்கித்தான் போனேன். "ஏ லட்கி" என்று கூப்பிடுகிற இடத்தில் அவ்வளவு மரியாதை கிடைத்தால் யார்தான் மயங்க மாட்டார்கள்? வீட்டில் போய்ச் சொன்னேன். "கோயம்புத்தூர்க்காரங்க அப்படித்தாம்ளா பேசுவாங்க, ரொம்ப தன்மை" என்றாள் அம்மா. அது உண்மைதான். அதற்குப் பிறகு எத்தனையோ கோயம்புத்தூர்க்காரர்களிடம் பழகியிருக்கிறேன், அந்த மரியாதை அவர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. இவர் அதை எண்ணெய் மாதிரி உபயோகித்தார். எங்கே கதவு இறுக்கமாக இருக்கிறதோ அங்கே ஒரு சொட்டு விடுவார்.

"பேருதானுங்க ரேட்டு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அதில் உண்மை இருக்கிறது என்பதுதான் கொடுமை. பெட்டிக்குள் இருப்பது என்ன என்று காகிதத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் கட்டணம். புத்தகம், பத்திரிகை என்றால் சலுகை. உயிருள்ள பிராணி என்றால் கூடுதல், தனி விதிகள். தீப்பிடிப்பது, அரிப்பது, வெடிப்பது என்றால் அதற்குத் தனிப் பெட்டி, தனி லேபிள், தனிப் படிவம், அதற்கென்று படித்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும், தனிக் கட்டணம், சில விமானங்களில் ஏற்றவே மாட்டார்கள். எல்லா ஏஜெண்டும் பெட்டிக்குள் பார்த்துவிட்டுப் பெயரை எழுதுவார்கள். இவர் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதுவார்.

பழைய பேப்பர் கடையிலிருந்து வார இதழ்களைக் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருந்தார். எந்தப் பெட்டியானாலும் மேலே இரண்டு வரிசை பத்திரிகை. புடவையும், குக்கரும், பித்தளைக் குத்துவிளக்கும் புத்தகங்களாகி டெல்லிக்குப் போயின. ஒரு நாள் சந்தேகப்பட்டு ஒன்றைத் திறக்கச் சொன்னேன். பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நடிகைக்குக் கீழே பிரேக் ஷூக்கள் அடுக்கியிருந்தன.

"இது என்ன அண்ணே?"

"மேல இருக்கறது புஸ்தகந்தானுங்களே?"

"கீழ?"

"பொட்டியத் தொறக்கறவங்க மேல இருந்துதானுங்க தொறப்பாங்க. நீங்க ஒருத்தருதான் அடி வரைக்கும் போறீங்க. சின்ன வயசு. ஆகட்டுமுங்க, மாத்தி எழுதிப்போடலாம்."

மாற்றி எழுதினார். கோபமே வராது அவருக்கு. திட்டு வாங்கினாலும் நமக்கு ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார். அந்த முகத்தைத்தான் எனக்குச் சகிக்க முடியாது.

நேரான வழி தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மேலதிகாரியைவிட நன்றாக விதி தெரிந்தவர். எடை கூடக் கூடக் கிலோவுக்கான கட்டணம் குறையும் என்று ஒரு படிக்கட்டு வழக்கம் உண்டு. அதனால் அடுத்த படிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற சரக்கை, அந்தப் படியின் எடைக்கே போட்டுவிட்டால் மொத்தத்தில் செலவு குறையும். விதியிலேயே இருக்கிறது. புனேயின் வாகட் பகுதியிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றுகிற ஒரு ஐ.டி. பெண்ணுக்கு ஒருமுறை இதைச் சொல்லிக் கொடுத்தார். "இன்னொரு பாத்திரத்தையும் உள்ள வெச்சுருங்க, துட்டு கம்மியாகுமுங்க" என்றார். அந்தப் பெண் வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் முகம் வாடித்தான் கிடந்தது. நேர் வழியில் கிடைத்த மிச்சம் அந்த மனுஷனுக்குச் செரிக்காது.

மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் வாகட்தான். ஒரு கணவன் மனைவி, குழந்தை இல்லை, பெரிய கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் வளர்த்தார்கள். ஊர் மாறும்போது மீன்களையும் அனுப்ப வேண்டும் என்று இவரிடம் வந்தார்கள். உயிருள்ள பிராணிக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, காகிதத்தில் "ஆய்வுக்கான தண்ணீர்" என்று எழுதினார். எனக்கு அன்றைக்கு விடுமுறை. கவுண்ட்டரில் இருந்தவர் தண்ணீர்தானே என்று வாங்கிக்கொண்டார். உயிர் இருக்கிறது என்ற லேபிள் இல்லாததால் போகிற வழியெல்லாம் பெட்டியைப் படுக்க வைத்தார்கள், அந்தப் பக்கம் வெயிலில் இறக்கி வைத்தார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஏதோ மீதி வேலைக்காகப் புனே திரும்பி வந்தபோது அந்தக் கணவர் நேரே எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டார். கத்தத் தெரியாத மனிதர். குரல் நடுங்க நடுங்க, மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார்.

இவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஏலக்காயை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"தண்ணி போய்ச் சேந்துச்சுங்களா?" என்று கேட்டார் இவர்.

"என்னது?"

"பொட்டில தண்ணின்னுதானுங்க எழுதியிருக்குது. தண்ணி கொறையாமப் போய்ச் சேந்துச்சுங்களா?"

அந்தக் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னதற்கு, "நிறைய மால் கொண்டுவர்ற ஆளு, தோடா அட்ஜஸ்ட் கர் லோ" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று. மாதா மாதம் எங்கள் கம்பெனிக்கு அதிகச் சரக்கு கொடுப்பவர் இவர்தான். அதனால் என் புகாரெல்லாம் தண்ணீரோடு தண்ணீராகப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பெயர் மாற்றுகிற வியாதி பெட்டியோடு நிற்கவில்லை. தத்து பாவு என்று ஒருவர் அவரிடம் சுமை தூக்கினார். சாத்தாரா பக்கத்து மராட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. இரண்டு ஆள் தூக்குகிற பெட்டியைத் தனியாகத் தூக்கிவந்து பூப்போல இறக்கி வைப்பார். கையுறை கிடையாது, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நான் அளக்கும்போது நாடாவின் மறுமுனையை எப்போதும் அவர்தான் பிடிப்பார். முதலாளி பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க, தத்து பாவு மட்டும் என்னைப் பார்த்து, நான் என்ன செய்ய முடியும் என்பது போல ஓரக்கண்ணால் சிரிப்பார்.

அவரை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "என்ற அண்ணனுங்க" என்பார் இவர், என்னுடைய அண்ணன் என்று அர்த்தம். கேட்கிறவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். பாஷை வேறு, ஜாதி வேறு, ஆனாலும் பார் எப்படிக் கூப்பிடுகிறார் என்று. விஷயம் வேறு. வேலைக்காரர் என்று எழுதினால் சம்பளம், இன்சூரன்ஸ், விபத்துக்குப் பொறுப்பு எல்லாம் வந்துவிடும். அண்ணனுக்கு ஒன்றும் கிடையாது. கைச்செலவுக்குக் கொடுத்தால் போதும். தத்து பாவு ஒருநாள் என்னிடம், "மேடம், 'அண்ணன்' மத்லப் க்யா?" என்று கேட்டார். "தாதா" என்றேன். மராட்டியில் மூத்த சகோதரனைச் சொல்கிற வார்த்தை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று முழுக்கக் கூடுதலாக இரண்டு சுமை தூக்கினார் என்றே நினைக்கிறேன்.

ஒரு மழை நாளில் அந்தப் பெட்டி வந்தது. ஆகுர்டியில் எஃகுத் தொட்டி செய்கிற ஒரு சின்னப் பட்டறையிலிருந்து. காகிதத்தில் "மெட்டல் பாலிஷ்" என்று எழுதியிருந்தது. கீழ் மூலை நனைந்து, அட்டை ஊறி நிறம் மாறியிருந்தது. கிட்டே போனதும் மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி.

"இதை எடுக்க முடியாது. ஒழுகுது" என்றேன்.

"மழைத் தண்ணியுங்க. டெம்போல தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு."

"மழைத் தண்ணிக்கு இந்த நாத்தம் எங்க அண்ணே வரும்? உள்ள என்ன?"

"பாலீஷுதானுங்கம்மிணி. எழுதியிருக்குதுங்களே."

"எழுதினதை நான் கேக்கல."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். இன்றைக்கு இவள் மசிய மாட்டாள் என்று புரிந்திருக்கும். "சரீங்க, நாளைக்கு வேற பொட்டில போட்டு எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுத் தத்து பாவுக்குச் சைகை காட்டினார். கையால் அல்ல, மோவாயால். தான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார், அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. தத்து பாவு பெட்டியின் ஈர மூலையில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு மழையில் டெம்போவுக்குப் போனார். "பாவு, ஹாத் தோ லோ, நல்லா கழுவுங்க" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர் கையைத் துண்டில் துடைத்து என்னிடம் விரித்துக் காட்டினார். ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமான கைகள்.

அதற்குப் பிறகு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வேறொருவர் வந்தார்.

"தத்து பாவு எங்க?"

"ஊருக்குப் போயிருக்காருங்க. அறுவடையோ என்னமோ."

மழைக்காலத்தில் என்ன அறுவடை? டெம்போ ஓட்டுகிறவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் இவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அட்மிட் ஹை மேடம், ஆகுர்டி மே. ஹாத் பே கரம் தேல் கிர் கயா" என்றார். ஆகுர்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், கையில் சூடான எண்ணெய் கொட்டிவிட்டதாம். ராத்திரியெல்லாம் வலி தாங்காமல் அழுகிறாராம்.

தத்து பாவு எதற்கு எண்ணெய் காய்ச்சினார்? டிபன் டப்பாவைத் திறக்கக்கூட மனைவி முடிச்சுப் போட்ட துணியை அவிழ்க்கத் தெரியாமல் சிரிக்கிற ஆள். எனக்குள் அந்த நெடி திரும்ப வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அந்தச் சரக்கை அனுப்பிய பட்டறையின் நம்பர் இருந்தது. போன் போட்டேன். பட்டறைக்காரர் வயதானவர், கறாரான குரல். வெல்டிங் போட்ட இடத்தில் எஃகு கறுத்துவிடும், அந்தக் கறையை எடுக்கிற ஆசிட் அது, கண்ணாடியையே தின்னும் என்றார் இந்தியில். தொட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் எலும்பு வரைக்கும் போகும், எங்கள் பட்டறையில் அதற்கென்று மருந்து வைத்திருக்கிறோம் என்றார். கடைசியில் அவரே கேட்டார். "இதையெல்லாம் உங்கள் ஏஜெண்டிடம் சொன்னேனே. ஆபத்தான சரக்குக்குத் தனிக் கட்டணம், தனிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தேனே. ஏன், சரக்கு போகவில்லையா?"

போனை வைத்தேன். பட்டறைக்காரர் உண்மைப் பெயரைச் சொல்லி, உண்மைப் பெயருக்கான பணத்தையும் கொடுத்திருக்கிறார். இவர் பணத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். சாதாரண அட்டைப்பெட்டியில் போட்டு, பாலீஷ் என்று எழுதி, கையுறை இல்லாத மனிதரிடம் கொடுத்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான்.

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். லோகேகாவிலிருந்து ஆகுர்டி வரை சிக்னலுக்குச் சிக்னல் அந்த மனிதரை நான் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது, பெரும்பாலும் மராட்டி.

சின்ன நர்சிங் ஹோம். உள்ளே நுழைந்ததும் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது? இவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மாதுளம் முத்துகளை உதிர்த்து, ஒவ்வொன்றாகத் தத்து பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மடியில் அந்த மடிப்புக் கலையாத கைக்குட்டை. ஒரு முத்து கன்னத்தில் ஒட்டியதைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டார். பக்கத்தில் தத்து பாவுவின் மனைவி கண்ணீரோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெய்வத்தைப் பார்க்கிற மாதிரி. தத்து பாவுவின் வலது கை கட்டுப் போட்டுத் தலையணைமேல் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாதுளையை விழுங்கினார்.

"வாங்கம்மிணி, வாங்க" என்று எழுந்தார் இவர். "பாருங்க என்ற அண்ணன் நெலமைய."

வராந்தாவுக்கு வரச் சொன்னேன். "அது ஆசிட்னு டாக்டர்ட்ட சொல்லிட்டீங்களா?"

"மெதுவாப் பேசுங்க."

"சொல்லிட்டீங்களா இல்லையா?"

"சொன்னா போலீஸ் கேஸாயிருமுங்க. லைசென்ஸ் போயிரும். லைசென்ஸ் போச்சுன்னா இவரு குடும்பத்துக்கு யாருங்க சோறு போடறது? நான் இவருக்காகத்தானுங்க பாக்கறேன்."

"டாக்டருக்குத் தெரியாம எப்படி அண்ணே மருந்து குடுப்பாங்க? எண்ணெய்க்கு வேற, இதுக்கு வேற!"

"புண்ணு புண்ணுதானுங்களே" என்றார். சட்டைப் பையைத் துழாவி ஏலக்காயை எடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஏலக்காய் வராந்தாவில் உருண்டது. வாழ்க்கையில் வயதில் மூத்த ஒருவர் கையைத் தட்டிவிட்டது அந்த ஒருமுறைதான். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. நேரே டாக்டரின் அறைக்குப் போனேன். "அம்மிணி, அம்மிணி" என்று பின்னாலேயே வந்தது அந்தக் குரல், அப்போதும் தேன் சொட்டச் சொட்ட.

டாக்டர் சின்னப் பெண். நான் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "தேல் நஹி?", எண்ணெய் இல்லையா, என்று இரண்டு முறை கேட்டாள். எலும்புக்குள் எரிகிறது என்று அவர் கத்தியபோதெல்லாம் எண்ணெய்ப் புண் இப்படி வலிக்காதே என்று தனக்குத் தோன்றியது என்றும், குடும்பமே ஒரே குரலில் எண்ணெய் என்றதால் நம்பிவிட்டதாகவும் சொன்னாள். இந்த ஆசிட்டுக்கென்று தனி மருந்து இருக்கிறது, முதல் நாளே போட்டிருந்தால் என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஓடினாள்.

தத்து பாவுவின் மனைவியிடம், ஏன் எண்ணெய் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "சேட்னே சாங்கித்லா" என்றாள். சேட், அதாவது முதலாளி, சொல்லச் சொன்னார். வேலையில் பட்டது என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவே மாட்டார்கள், போலீஸ் வந்து தத்து பாவுவைத்தான் பிடிக்கும் என்று சொன்னாராம். புண்ணுக்கும் ஒரு பெயர் எழுதிவிட்டார். மலிவான பெயர்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மீதி கை தப்பித்தது என்று சந்தோஷப்படச் சொன்னார்கள். முறம் மாதிரி இருந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

புகார் எழுதினேன். இந்த முறை மேலதிகாரி அட்ஜஸ்ட் செய்யச் சொல்லவில்லை, அவருக்கும் பயம். இவருடைய கம்பெனி எங்கள் கொட்டகைக்குள் நுழையக் கூடாது என்று தடை வந்தது. ஆனால் நஷ்ட ஈடு என்று எதுவும் நடக்க வேண்டுமானால், எப்படிக் காயம் பட்டது என்று தத்து பாவு தன் வாயால் சொல்ல வேண்டும். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டீ கொடுத்தார்கள். அப்புறம் விசாரணைக்கு வந்தவர்களிடம், வீட்டில் எண்ணெய் கொட்டியது என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தார். இடது கைநாட்டு.

மழை முடிந்து குளிர் தொடங்கியபோது ஒருநாள் கவுண்ட்டரில் ஏலக்காய் வாசனை வந்தது. நிமிர்ந்தேன். அதே வெளுத்த சட்டை.

"உங்களுக்கு இங்க தடை இருக்கு."

"அது பழைய கம்பெனிக்குங்க. இது என்ற சம்சாரத்து பேர்ல ஆரம்பிச்சதுங்க. புதுப் பேரு, புது லைசென்ஸ்." காகிதத்தை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரிடம் எப்போதும், காகிதம் சரியாகவே இருக்கும்.

பெட்டியை எடை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள். வைத்தவர் தத்து பாவு. மூன்று விரல் கையையும் முழுக் கையையும் சேர்த்து எப்படியோ தூக்கப் பழகியிருந்தார். அந்தக் கையோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஓரக்கண் சிரிப்பு இல்லை.

வாசலில் புதிதாக வந்த ஒரு செக்யூரிட்டிக்காரர் நின்றிருந்தார். இளகிய மனசுக்காரர் போல. தத்து பாவுவின் கையைப் பார்த்துவிட்டு, "காகா, ஹாத் கோ க்யா ஹுவா?" என்று கேட்டார். கைக்கு என்ன ஆயிற்று, பெரியவரே.

தத்து பாவு என்னைப் பார்க்கவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை.

"கரம் தேல்" என்றார்.

இவர் பேண்ட்டை முட்டிப் பக்கம் லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "என்ற அண்ணனுங்க" என்று செக்யூரிட்டிக்காரரிடம் தமிழிலேயே சொன்னார். என் பக்கம் திரும்பி, "இப்ப அளங்கம்மிணி" என்றார்.

"எந்திரிங்க" என்றேன்.

"சும்மா அளங்க..."

"எந்திரிங்க!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவர் புன்னகை மாறாமல் எழுந்தார். அழுந்தியிருந்த மூடி மெல்ல மேலே வந்தது. நான் நாடாவை வைத்தேன். மறுமுனையைத் தத்து பாவு பிடித்தார், மீதியிருந்த விரல்களால். உப்பிய இடத்தில் வைத்து அளந்தேன். காகிதத்தில் இருந்ததைவிட உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. அதை எழுதினேன். அந்தக் காகிதத்தில் என்னால் சரியாக எழுத முடிந்தது அது ஒன்றுதான்.